இரண்டு திருகு

சாம்பியனின் மைத்துனன் ஸ்பேனருடன் குருவியின் காருக்குப் பின்னால் குந்தினான். சாம்பியன் ஷட்டர் ஓரமாக நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கராஜில் வேறு யாருமில்லை. மற்ற மெக்கானிக்குகள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"பின்னால இருக்கற விங்கை ரெண்டே ரெண்டு திருகு திருகித் தூக்கி வை, மாப்ள," என்றார் சாம்பியன், திரும்பாமலே. "காத்து புடிச்சு இழுக்கும். நேர் ரோட்டுல வேகம் கொஞ்சம் குறையும். வளைவுல இன்னும் நல்லாவே ஒட்டிக்கிட்டுப் போகும். ஆபத்து ஒண்ணும் வராது."

"இதை யோசிச்சுக்கிட்டுத்தான் தூங்காம கெடந்தீங்களா, மாமா?"

"பேசாம வேலையப் பாரு."

குருவி என்பது மெக்கானிக்குகள் வைத்த பெயர். ஆள் அவ்வளவு ஒல்லி. அணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஏறக்குறைய எல்லாப் பந்தயங்களிலும் சாம்பியனுக்கு முன்னால் வந்துவிட்டான். ஒரே அணி, ஒரே மாதிரி கார். சாக்குச் சொல்ல வழியில்லை.

சாம்பியன் முதலில் இஞ்சினை மாற்றச் சொன்னார். பிறகு பிரேக்கை. பிறகு இருக்கையை, ஹெல்மெட்டை. "இனிமே மாத்தறதுக்கு எங்க அக்காதான் பாக்கி," என்று மைத்துனன் சொன்னபோது கராஜே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் அவர் மகள் தன் அறைக் கதவில் குருவியின் படத்தை ஒட்டியிருந்தாள். அவர் படமும் இருந்தது. கொஞ்சம் கீழே.

இன்று கடைசிப் பந்தயம். அடுத்த வருடம் அணிக்கு ஒரு கார்தான். "உங்க ரெண்டு பேர்ல இன்னைக்கு யாரு முன்னால வர்றீங்களோ, அவங்களுக்கு," என்று மேனேஜர் காலையில் சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் குருவியைத்தான் பார்த்தார்.

ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா?"

மைத்துனன் எழுந்து வந்தான். "நீங்க உங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க, மாமா. போங்க, போய் ஹெல்மெட்ட மாட்டுங்க."

அவன் முகத்தைப் பார்க்க சாம்பியனுக்குக் கூசியது.

தொடக்கத்திலிருந்தே குருவி முதலில் போனான். சாம்பியன் இரண்டாவது. நேர்ப் பாதையில் அவன் விலகிப் போவான். வளைவில் இவர் நெருங்குவார். முன்பைவிடக் குறைவாகத்தான் விலகுகிறான் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பிலேயே கைகளின் இறுக்கம் விட்டுப்போயிருந்தது. இந்த வருடம் முழுக்க அவர் இப்படி ஓட்டியதில்லை.

கடைசிச் சுற்று, கடைசி வளைவு. குருவி பிரேக் போட்டான். சாம்பியன் போடவில்லை. ஒரு மூச்சு பொறுத்து, டயர்கள் கிறீச்சிட, உட்பக்கமாக நுழைந்து முந்தினார்.

காதுக்குள் ரேடியோவில் மேனேஜர் கத்தினார். "யோவ், பழைய ஆளு வந்துட்டாருய்யா!"



காரைவிட்டு இறங்கியதும் குருவி ஓடிவந்து கட்டிக்கொண்டான். முகமெல்லாம் வேர்வை.

"அண்ணே, அந்த வளைவுல அவ்வளவு லேட்டா பிரேக் போடலாம்னு எனக்குத் தெரியவே தெரியாது. எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீங்க இத்தன நாளா?"

"சும்மா இரு, தம்பி."

"என் சீட்டு போச்சு. அழுகையா வருது. ஆனா உங்ககிட்ட தோத்தேன்னா எங்கம்மாவே கை தட்டும்."

சாம்பியன் அவன் பிடியிலிருந்து விலகிக்கொண்டார். பின்னால் நின்ற அவன் காரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கோப்பையைக் கையில் கொடுத்து மைக்கை நீட்டினார்கள். அவர் ஒரே மூச்சில் சொன்னார். "இதுதான் என் கடைசி ரேஸ். அடுத்த வருஷ வண்டி தம்பிக்கு."

"ஏன் சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வயசாயிடுச்சு."

மேனேஜர் விழித்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, காமிராக்களுக்கு முன்னால் குருவியின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். கைதட்டல் எழுந்தது. குருவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில் சாம்பியன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைத்துனன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்ன மாமா இது? அக்கா போன்ல அழறா. ஜெயிச்ச அன்னைக்கு யாராவது விடுவாங்களா?"

"ஜெயிச்சாத்தானே, மாப்ள." அவர் நிமிரவில்லை. "அந்தக் கோப்பைய என் பொண்ணு கையில கொடுக்க முடியுமா? அந்தப் பையன் என்னைக் கட்டிப்புடிச்சான். எனக்கு உடம்பே எரிஞ்சுது. உன்னையும் இதுல இழுத்துட்டேன். மன்னிச்சுரு."

வெளியே குருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற கூச்சல் கேட்டது. மைத்துனன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

"மாமா... நான் எதையுமே திருகல."