டீசல்தான் வேண்டும்

காரின் முன்கொக்கியில் கயிற்றை மாட்டி இறுக்கி முடிச்சுப் போட்டார் பழைய இரும்புக்கடைக்காரர். மறுமுனை அவருடைய லாரியில்.

"கொஞ்சம் எந்திரிம்மா, வண்டியை இழுக்கணும்."

பானட்டுக்குள் இடுப்புவரை கவிழ்ந்து வேலை செய்துகொண்டிருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடி சொன்னார். தொண்டையைச் செருமினார். ம்ஹூம். ஸ்பானர்தான் திரும்பியது.

"என்னங்க, உங்க தங்கச்சிக்கு இவ்வளவு திமிரு?" என்றார், வாசலில் கைகட்டி நின்ற அண்ணனிடம்.

"அவ அப்படித்தான், விடுங்க."

ஆனால் அண்ணன்தான் விடவில்லை. பொருமித் தீர்த்தான்.

அப்பா காலத்து ஸ்டேஷன் வேகன். மொத்தக் குடும்பமும் ஒருவர் மடியில் ஒருவராக ஏறிப் போன வண்டி. பெட்ரோல் எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. அதைப் போய்க் கழற்றிப் போட்டுவிட்டு, உடைப்புக்கு வந்த ஒரு சரக்கு வேனின் டீசல் எஞ்சினை உள்ளே திணித்திருக்கிறாள். ஜன்னல் கம்பி, கேட் எல்லாம் வெல்டிங் செய்கிறவள். எஞ்சினைத் தாங்கும் இரும்பையும் தானே வெட்டித் தானே பற்றவைத்தாள். வெல்டிங் மெஷினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சொந்தமாக வேலைக்குப் போக வேண்டுமாம். இனிமேல், 'கொண்டுபோய் விடு' என்று அண்ணன் உட்பட எவனிடமும் கேட்க மாட்டாளாம்.

"இன்னிக்கு ஸ்டார்ட் ஆச்சுன்னா வண்டி அவளுக்கு. ஆகலேன்னா உங்களுக்கு. பேசி முடிச்சாச்சு."

அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் இழுத்தது, இருமியது, படுத்துக்கொண்டது.

அண்ணன் காரைச் சுற்றிப் போய், அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றான்.

"போதும். இறங்கு."

இறங்கினாள். ஆனால் போனது வீட்டுக்குள் அல்ல, பானட்டுக்கு. டீசல் குழாயில் ஒரு நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினாள். நுரைத்துக்கொண்டு காற்று வந்தது. விடாமல் அமுக்கினாள். குமிழி நின்று வெறும் டீசல் வழிந்ததும் நட்டை இறுக்கினாள்.

குழாயில் காற்று புகுந்தால் டீசல் எஞ்சின் பிடிக்காது என்பது இரும்புக்கடைக்காரருக்கும் தெரியும். காற்று எடுக்கத் தெரிந்தவளிடமிருந்து வண்டி கிடைத்த மாதிரிதான்!

மறுபடி சீட்டில் ஏறினாள். எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டரின் விளக்கு அணையும்வரை பொறுத்தாள். சாவி.

கரும்புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் அலறியது. கதவுகள் கிடுகிடுத்தன. எதிர்வீட்டு ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. இரும்புக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் ஆத்திரத்தில் எல்லாம் மறந்து டிரைவர் பக்கம் பாய்ந்தான். "இந்தச் சத்தத்துல எப்படிடி உட்கார்ந்து ஓட்டுவே? காது கிழிஞ்சிரும்!"

அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். ஒரு விரலால் தன் காதைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை விரித்து அவனுக்கு எதிரே நீட்டினாள். அதில் ஒன்றுமில்லை.

இரும்புக்கடைக்காரரின் கைகள் காதிலிருந்து தாமாக இறங்கின.

"பொறந்ததுலேருந்தே," என்றான் அண்ணன், லாரியைப் பார்த்தபடி. "பெட்ரோல் எஞ்சின் ஓடுதா, நின்னுடுச்சான்னே அவளுக்குத் தெரியாதுங்க. ஓடிக்கிட்டிருக்கும்போதே மறுபடி சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் பல்லை அரைச்சுடுவா. லைசென்ஸ் வெச்சிருக்கா, ஆனா சாவியை நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

இப்போது சீட்டு நடுங்கியது. ஸ்டியரிங் நடுங்கியது. அவள் முதுகைச் சீட்டில் அழுத்திச் சாய்ந்து உட்கார்ந்தாள். எஞ்சின் சொல்வதெல்லாம் நேராக முதுகுத்தண்டில் ஏறிக்கொண்டிருந்தது.

இரும்புக்கடைக்காரர் ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தார். 'அவுத்தாச்சும்மா!' என்று கத்தப்போனவர், நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அண்ணன் மட்டும் வண்டிக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் விரித்து மறித்தான்.

அவள் ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை.

அவன் துள்ளிக் குதித்து ஒதுங்கினான்.

அதைப் பார்த்துத்தான், ஹாரனும் வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.