பதில் எழுதாத பொறுப்பாளர்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வியன்னாவின் நீரியல் அலுவலகம் ஒன்றில் டாக்டர் ரோஸ்விதாவின் வெள்ளக் கணிப்பு நிரல் ஓட மறுத்தது. டான்யூப் நதியின் கணிப்பு பதினொரு மணிக்குள் மாநகராட்சிக்குப் போயாக வேண்டும்.

"ஒரு பேக்கேஜைக் காணோம், டாக்டரம்மா," என்றார் சக ஊழியர் கெர்னோட். "தேதிகளை ஒழுங்குபண்ற குட்டி நிரல்துண்டு. நம்ம நிரல்ல இருக்கிற இன்னொண்ணு அதை நம்பித்தான் நிக்குது. எல்லாரும் இறக்கிக்கிற பொதுக் களஞ்சியத்துலேர்ந்தே தூக்கிட்டாங்க."

"ஏன்?"

"அதுல இருந்த பிழையைத் திருத்தச் சொல்லி, அதோட பொறுப்பாளருக்குக் களஞ்சியத்துக்காரங்க மூணு மின்னஞ்சல் போட்டாங்களாம். பதிலே இல்லையாம்."

"எந்தச் சோம்பேறி அது? நான் சொல்றேன், உடனே எழுதி அனுப்புங்க."

கெர்னோட் களஞ்சியப் பக்கத்தில் 'பொறுப்பாளருக்கு எழுதுக' என்பதை அழுத்தினார். "வணக்கம், டாக்டர்னு ஆரம்பிக்கவா?"

"சோம்பேறிக்குப் பட்டம் ஒரு கேடா? வெறும் வணக்கம் போதும்."

பொறுப்பின்மை, ஒழுங்கின்மை, நாணமின்மை என்று மூன்று பத்திகளை ரோஸ்விதா பிழையறச் சொல்லி முடித்தார். அஞ்சல் போனது. அதன்பிறகே கெர்னோட் பக்கத்தின் அடிக்குப் போய்ப் பெயரைப் படித்தார். திரையை ரோஸ்விதாவின் பக்கம் திருப்பினார்.

அங்கே இருந்தது ரோஸ்விதாவின் பெயர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் தாமே எழுதி மறந்த பேக்கேஜ்!

"எனக்கு ஒரு அஞ்சலும் வரலையே!"

வந்திருந்தன. தம்மை 'டாக்டர்' என்று விளிக்காத அஞ்சல்கள் தாமாகவே மின்னஞ்சல் பெட்டியின் குப்பைக்குப் போகும்படி அவர்தாம் ஏற்பாடு செய்திருந்தார். குப்பையில் களஞ்சியத்தின் மூன்று அஞ்சல்களும், அவற்றின் மேல் சற்றுமுன் வந்த நான்காவதும் கிடந்தன.

பேக்கேஜின் பழைய பிரதி ஒன்று நிறுவப்பட்டது. பத்தே முக்காலுக்குக் கணிப்பு போனது. குப்பை ஏற்பாட்டை நீக்குவது என்றும், நான்காவது அஞ்சலில் கண்ட குற்றங்கள் அனைத்தையும் ஒப்புக்கொள்வது என்றும் முடிவாயிற்று.