ராகு காலம் கழிந்த பிறகு

வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிந்து பத்து நிமிடம் ஆகிறது. நூல் கடை ராஜகுரு இன்னும் மவுஸைத் தொடவில்லை. புது விமான விளையாட்டு ஓட வேண்டுமென்றால் கம்ப்யூட்டரைப் புது விண்டோஸுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றினால், ஐந்து வருஷமாகத் திரையில் விமானம் ஓட்டி அவர் மதுரை ஓடுதளத்தில் இறங்கிப் பழகிய இந்தக் கறுப்பு ஜாய்ஸ்டிக் பிடி வேலை செய்யாமல் போகலாம். அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. உள்ளங்கை பட்டுப் பட்டு வழுவழுத்த அதன் தலைக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிகிறது. “இன்னும் என்ன யோசனை? என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இம்புட்டு யோசிக்கலையே நீங்க,” என்கிறாள் மனைவி சண்முகவடிவு, வெங்காயம் உரித்தபடி. “அதுல யோசிக்காம விட்டதுனாலதான் இதுல யோசிக்கிறேன்.” சொல்லிவிட்டு, சிரிக்காமல், பட்டனை அழுத்துகிறார். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் தடதடக்கின்றன. அந்தச் சத்தம் இருக்கும்வரை கரண்டு இருக்கிறது. பாதியில் போனால் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்திருக்காது. எழுபது சதவீதம். எண்பது. திரை இருள்கிறது, பிடியின் விளக்கும் அணைகிறது. அப்போது பார்த்துத் தறிச் சத்தம் குறைகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். கரண்டு போனால் தறிகள் மொத்தமாக நிற்கும். இவை ஒவ்வொன்றாக அடங்குகின்றன. “சாப்பிடப் போறாக,” என்கிறாள் சண்முகவடிவு. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. திரையும் மறுபடி ஒளிர்கிறது. பிடியின் விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை. தரையை நோக்கி இறங்கும் விமானத்தைத் தூக்குவதுபோல, ராஜகுருவின் கை செத்த பிடியை மெல்லத் தன் நெஞ்சை நோக்கி இழுக்கிறது.