குலுங்கும் கார்

“பிரேக் போட்டா வண்டி ஆளையே குலுக்குது மாரிசெல்வம். இன்னிக்கும் சரியாகலைன்னா வித்துருவேன்” என்றார் மதார் சாகிப்.

“ஆசையா வாங்குன வண்டிய விக்கவா?” அவர் மனைவி சௌதாவின் முகம் வாடியது.

மெக்கானிக் மாரிசெல்வம் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தான். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் குறையில்லை. ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் வரை தனியாக ஓட்டிப் பார்த்தான். எங்கே பிரேக் போட்டாலும் வண்டி அலுங்காமல் நின்றது.

“எனக்குக் குலுங்கலையே பாய்.”

“அப்ப நான் பொய்யா சொல்லுதேன்?”

“நீங்க எப்பவும் போல ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து பாக்கேன்.”

மதார் சாகிப் ஓட்ட, சௌதா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் தாண்டியதும் ஒரு ஆடு குறுக்கே வந்தது. அவர் பிரேக் போட, வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது.

“பாத்தியா?”

மாரிசெல்வம் எட்டிச் சௌதாவின் காலடியைப் பார்த்தான்.

“இது யாருகிட்ட வாங்குன வண்டி பாய்?”

“டிரைவிங் ஸ்கூல்ல. ஏன்?”

“ஓட்டச் சொல்லிக்குடுக்கவருக்குன்னு வச்ச பிரேக் அக்கா பக்கம் அப்படியே இருக்கு. நீங்க மிதிக்கும்போது அவியளும் விட்டு விட்டு மிதிக்காவ.”

“அத விக்கும்போதே துண்டிச்சாச்சுன்னு சொன்னாவளே?”

சௌதா தலை குனிந்தாள். “நான் மிதிக்காட்டி அந்த ஆடு செத்திருக்கும்ங்க.”

“கழட்டிரவா பாய்?”

மதார் சாகிப் சாலையோரம் எட்டிப் பார்த்தார். ஆடு வேலியோரம் தழை மென்றுகொண்டிருந்தது.

“அது கெடக்கட்டும்ப்பா. இனிமே அவ மிதிக்கும்போது நான் மிதிக்காம இருந்துக்கிடுதேன்.”