பதினான்காவது நிமிடம்

எல்லோரும் பாட்காஸ்ட் நடத்த ஆரம்பித்துவிட்டதால், கேட்பதற்கு எந்திரங்கள்தான் மிச்சம். தமிழில் மனிதக் காது ஒன்றே ஒன்று இருந்தது. அது ஈரோட்டில், அடுப்படியில் நின்ற பூங்கோதையுடையது.

அவள் தினமும் கேட்பது பாட்காஸ்ட் தொழிலைப் பற்றிய ஒரு நேரலை.

"நம்ம ஒரே நேயர், அந்த ஈரோட்டு அக்கா, தினமும் பதினாலாவது நிமிஷம் போயிடறாங்க. விளம்பரம் சலிக்குதா, இல்ல என் குரலா?" என்று அன்று புலம்பினார் தொகுப்பாளர் மகுடேசன்.

பூங்கோதைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினான்காவது நிமிடம் அவள் குக்கரில் மூன்றாவது விசில் வரும். காதில் மாட்டியதை அணைத்துக் கழற்றிவிட்டுச் சோற்றை இறக்கப் போவாள், அவ்வளவுதான்.

மறுநாள் வேண்டுமென்றே கொண்டைக்கடலை வைத்தாள். அதற்கு ஏழு விசில்.

பதினைந்தாவது நிமிடம் மகுடேசன் அலறினார். "இருக்காங்க! இன்னும் இருக்காங்க!" ஸ்டுடியோவில் ஆளாளுக்கு விசிலடித்த விசிலில் குக்கர் விசிலின் எண்ணிக்கை அவளுக்குத் தவறிப்போனது.

கடைசியில் மகுடேசன் தழுதழுத்தார். "அக்கா, சாப்டீங்களா?"

கணவரும் மூன்று பிள்ளைகளும் அறைக்கொருவராய் மைக்கில் பேசிக்கொண்டிருந்த அந்த வீட்டில், அவளை யாரும் இப்படிக் கேட்டு வருஷமாகிவிட்டது.

பூங்கோதை கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"எங்கங்க சாப்புடறது? நீங்க அடிச்ச விசில்ல எங் கடலை கூழாப் போச்சுங்க!"