ஒரு பக்கம் மட்டும்

நாற்பத்தொரு நாள் கழித்து, கசாமா நான்கு கேபிள்களையும் கடை மேசைமேல் வைத்தார், வாங்கிய வரிசையிலேயே.

முதலாவது மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக். இரண்டாவது கொஞ்சம் தடித்தது. மூன்றாவதன் முனைகளில் தங்க நிறப் பூண். நான்காவது கண்ணாடி இழை, வெல்வெட் பெட்டியோடு வந்தது.

நான்கும் ஆப்டிகல் கேபிள்கள். சிடி பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டை வெளிச்சமாகக் கொண்டுபோகிறவை.

"புதுசாத்தான் இருக்கு. யாருக்காவது ஆகும், வச்சுக்கோம்மா."

பணத்தைத் திருப்பித் தர ஹொனாமி ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். வேண்டாம் என்று அவர் கையசைத்தார்.

தலைக்கு மேல் ரயில் போயிற்று. எலெக்ட்ரானிக்ஸ் பேட்டையான அகிஹபாராவில், ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் கடைகளில், ரயில் போகும்போது யாரும் பேசுவதில்லை. போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

முதல் நாள் அவர் வந்தபோதும் ரயில் போனது. டாக்ஸி ஓட்டுகிறவர்; வெள்ளைக் கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, அது போய் முடியும்வரை சிரித்தபடி நின்றார்.

"நேத்துக் காலைலேர்ந்து வலது பக்கம் வரலம்மா. சிடில நாலு பேர் வாசிக்கிறாங்க, நாலு பேரும் இடது பக்கமே போய் உக்காந்துட்டாங்க. ஸ்பீக்கரை இடம் மாத்திப் பாத்தேன். பழைய ஆம்ப்பை எடுத்து மாட்டிப் பாத்தேன். மிச்சம் இருக்கறது இந்த ஒயர்தான்."

ஹொனாமி வாய் திறந்தாள். கடைக்கு வந்து சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பின்னால் உட்கார்ந்து திருகாணிகளைப் பிரித்துக்கொண்டிருந்த முதலாளி இகுதா இருமினார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று இகுதா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நம்ம சந்துக்கு வர்றவங்க காது எப்பவும் நல்ல காது. கெட்டுப்போறது கேபிள்தான். ஞாபகம் வச்சுக்கோ."

அவளுக்குப் பின்னால் சுவரில் நூறு கேபிள்கள் தொங்கின. அவள் மெல்லியதைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் வந்தார். "கொஞ்சம் தேவலை மாதிரி இருக்கு. ஆனா இல்லை."

பதினாறாம் நாள் வந்தார். இருபத்தெட்டாம் நாள் வந்தார். அன்று வெல்வெட் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு முறையும் அவள் கேபிளின் ஒரு முனையைப் பிளேயரில் செருகி, மறுமுனையை அவரிடம் காட்டுவாள். முனையில் கடுகளவு சிவப்பு வெளிச்சம். "வருதே," என்பார் அவர், குழந்தையைப் பார்த்தவர்போல.

இன்று அவர் பையிலிருந்து ஆஸ்பத்திரி மருந்துக் கவர் எட்டிப்பார்த்தது. அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"கேபிள் இல்லம்மா. காது." வலது காதைத் தட்டிக் காட்டினார். "திடீர்னு ஒரு நாள் போயிடுமாம். ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்துலயே திருப்பியிருக்கலாமாம். இனிமே வராதுன்னுட்டாரு டாக்டர். மாத்திரை சும்மா ஒரு ஆறுதலுக்கு."

ஹொனாமி மேசையைப் பார்த்தாள். முதல் கேபிள். இரண்டாவது கேபிள். பதினாறாம் நாள் வாங்கிய கேபிள்.

"வண்டியிலயும் தெரியல பாரு. சவாரி பேசறது எல்லாம் இடது பக்கத்துலேர்ந்து. வலது பக்கம் வெறும் கண்ணாடிதானே. ஞாயித்துக்கிழமை பாட்டுக் கேக்க உக்காந்தாத்தான் தெரியும்." சிரித்தார். "இத்தனை நாள் என்ன பண்ணீங்கன்னு டாக்டர் கேட்டாரு. கேபிள் மாத்திக்கிட்டு இருந்தேன்னேன். நர்ஸு திரும்பி நின்னு சிரிக்குது."

ரயில் வந்தது. அவர் காத்திருந்தார்.

"வீட்டுல என் சம்சாரம் பேசறதே இல்லை. முட்டாள், முட்டாள்னு ஒரே ஒரு நாள் சொன்னா, அதோட சரி." நான்காவது கேபிளை எடுத்து, முனையின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "நீ சயின்ஸ் படிச்ச பொண்ணு. ஒண்ணு மட்டும் சொல்லு. இந்த மாதிரி ஒயர்ல ஒரு பக்கம் மட்டும் கெட்டுப்போறது உண்டுதானே? யாரா இருந்தாலும் ஒயர்னுதானே நினைச்சிருப்பாங்க? நீ ஆமான்னு சொன்னா போதும். அவகிட்டப் போய்ச் சொல்லிக்குவேன்."

பின்னால் இகுதா இருமினார்.

ஹொனாமி சொன்னாள்.

கசாமா கேபிளைப் பார்த்தபடியே நின்றார். அவருடைய வலது பக்கம்தான் அவளை நோக்கி இருந்தது. உதடு அசைந்ததை ஓரக்கண்ணால் கண்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா? இந்தப் பக்கமா வந்து சொல்லு."

அவள் மேசையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் நின்றாள். அவர் தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.

"போகாது சார். ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சத்துலதான் வருது. போனா சேந்துதான் போகும். அது எனக்கு முதல் நாளே தெரியும்."