இரண்டாவது பிரேக்

பழைய கார் கண்காட்சியில் அந்த நடுவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரே ஒரு திருகாணியை மாற்றிப் போட்டிருந்தாலும் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

அப்பேர்ப்பட்டவர், அந்தப் பச்சைக் காருக்கு அடியில் டார்ச்சோடு படுத்து இருபது நிமிஷமாக வெளியே வரவில்லை.

அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் சோதித்தவர்கள் சாக்பீஸால் போடும் குறிகூட அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது.

"இப்படிக் கொண்டுவர எத்தனை வருஷம் ஆச்சு சார்?" வெளியே வந்ததும் கேட்டார்.

"பதினொண்ணு," என்றார் சொந்தக்காரரான முன்னாள் பஸ் டிரைவர். "அடிப்பக்கம் மட்டும் வீட்டுக்காரம்மா வேலை. முட்டி வலியில என்னால படுக்க முடியல. எது என்னன்னு அவளுக்குத் தெரியாது. ஆனா தூசி தங்க விடமாட்டா."

கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது நடுவருக்கு. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு காரை அவர் பார்த்ததில்லை. முதல் கோப்பை இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டே முன்கதவைத் திறந்தார்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக்!

"என்ன சார் இது? இந்த மாடல்ல இது கிடையாதே?"

அழுத்திப் பார்த்தார். ரப்பர் இருந்தது, ஸ்பிரிங் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

"மெதுவாப் பேசுங்க." பெரியவர், தூரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "முன்ன ஒரு விபத்து. ஓட்டினது நான், அடிபட்டது அவ. அதுக்கப்புறம் கார்ல ஏறவே மாட்டேன்னுட்டா. உனக்கும் ஒரு பிரேக் வெச்சிருக்கேன், பயமா இருந்தா மிதின்னு சொல்லித்தான் ஏத்தினேன். அவ கால் அசைஞ்சா நான் இந்தப் பக்கம் மிதிச்சிடுவேன். இதுவரைக்கும் கண்டுபிடிக்கல."

நடுவர் குரலைத் தாழ்த்தினார். "கழட்ட அஞ்சு நிமிஷம் போதும். நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன். கோப்பை உங்களுக்குத்தான்."

"கழட்டிட்டா, அவ எப்படி வீட்டுக்கு வருவா?"

பூதக்கண்ணாடி மதிப்பெண் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"ஒரே ஒரு உதவி சார். அது பொம்மை பிரேக்னு மட்டும் எழுதிடாதீங்க. அந்தத் தாளை அவ படிப்பா."

'கூடுதல் பிரேக். அசல் அல்ல. ஐந்து மதிப்பெண் குறைப்பு.' அவ்வளவுதான் எழுதினார். கோப்பை பக்கத்து நீலக் காருக்குப் போனது. எழுதிய கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் அந்த அம்மா மதிப்பெண் தாளோடு விறுவிறுவென்று அவரிடம் வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ள நடுவர் தயாரானார். பதினொரு வருஷ உழைப்பு, கேட்கத்தானே செய்வார்கள்?

"ரொம்ப நன்றிங்க. அது வேலை செய்யாதுன்னு எழுதாம விட்டீங்களே!"

நடுவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"அடியில படுத்து அத்தனை பிரேக் குழாயையும் துடைச்சது நான்தானே? எது எங்க போகுதுன்னு தெரியாமலா இருக்கும்?"

அதற்குள் பெரியவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு ஹாரன் அடித்தார். அந்த அம்மா கிளம்பியவர் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க. விபத்துக்கு அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்குக் கை நடுங்கும். என் கால் அந்த பிரேக் மேல இருந்தாத்தான் மனுஷன் நடுங்காம ஓட்டுறார்."